கப்பல் பேய்க்குக் கட்டுச்சோறு

அறிவை வளர்க்கும் வழிகளில் 'கல்விச் சுற்றுலா'வுக்கு நிகரானது இந்தப் பூவுலகில் வேறில்லை. மலாயா அவசரகாலத்தில் மலாக்காவை ஆண்ட வெள்ளைக்காரப் பெருமக்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றைச் சுற்றி இரட்டை முள்வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் வாசலைப் பூட்டினார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடாதபடி ஒரு பருக்கைச் சோறும் வேலி தாண்டக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். இத்தனை சுகமும் திகட்டிவிடக் கூடாதே என்று, கிளேபாங் கடற்கரைச் சேற்றில் புதைந்து கிடக்கும் பழைய டச்சுக் கப்பலைக் காட்ட லாரியும் ஏற்பாடு செய்தார்கள். அதில் பேய் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. பேய் பார்க்கத் தனிக் கட்டணம் இல்லை.

பால்மரம் வெட்டும் இருசம்மாளுக்குத் திடீரென்று சரித்திரத்தில் ஈடுபாடு பிறந்தது. அவள் மகள் கமலவேணி வாழ்க்கைப்பட்டதும் கிளேபாங்கில்தான்; இப்போது ஒன்பதாம் மாதம். தாய் வீட்டு அடுப்பில் ஆக்கிய கட்டுச்சோறு போனால்தான் பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புவார்கள். அது வழக்கம். "சோறு வரலேன்னா பொண்ணும் வராது" என்று சம்பந்தி ராமாத்தாள் காய்கறி லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தோட்டத்து ஆபீஸின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி விஜயரட்ணம், யாழ்ப்பாணத்தார். சட்டப் புத்தகத்துக்குச் சூடம் காட்டாத குறைதான். இருசம்மாள் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

"கிராணி ஐயா, பேய் இருக்கிற எடத்துக்கு வெறுங்கையோட போனா, அது நம்ம லாரிலயே தொத்திக்கிட்டு வந்துரும். ஏழு வகைச் சோறு படைக்கணும்."

"என்ன, பகிடி விடுறியோ? சோறு வெளியிலை போகேலாது."

"அப்ப சரிங்க. வெள்ளைக்காரப் பேய் எங்க தகரக் கொட்டாய் லயத்துலயா தங்கப் போகுது? உங்க வீடு மாதிரி ஓட்டு வீடாப் பாத்து எறங்கிக்கும்."

கிராணி சட்டத்தை மறுபடி படித்தார். உயிரோடிருப்பவர்களைப் பற்றித்தான் அதில் பேச்சு. சட்டம் செய்தவர்களின் தொலைநோக்கை வியந்தார்.

"மூண்டு வகை போதும்."

"மூணுக்கு உள்ளூர்ப் பேயே மசியாதுங்க. இது கப்பல்ல வந்தது."

"சரி, நாலு."

"ரெட்டைப்படை ஆகாதுங்களே!"

பாசார் சந்தையில் மீனுக்குப் பேசுவதுபோல் பேசி, ஐந்தில் படிந்தது. இருசம்மாள் ஆக்க நினைத்திருந்ததும் ஐந்துதான்.

வாசலில் காவலர்கள் எல்லோருடைய மடியையும் உதறிப் பார்த்தார்கள், கொண்டையைக்கூட விடவில்லை. பேயின் தூக்குச் சட்டியை மட்டும் தொடவில்லை. தொடச் சொன்ன அதிகாரியும் தள்ளியே நின்றார்.

கப்பலில் ஏறியதும் கிராணி சரித்திரம் சொன்னார். "இதின்ரை கப்பித்தான் பட்டினியாலை செத்தவன்."

"அதான் வயிறு காயுது பாவம்" என்று சொல்லிக்கொண்டே இருசம்மாள் அடித்தளத்தில் இறங்கிச் சோற்றை வைத்தாள். கப்பலின் உடைந்த விலா வழியாக, சொல்லியனுப்பியபடியே, கமலவேணியும் ராமாத்தாளும் வந்து காத்திருந்தார்கள். இருசம்மாள் அடித்தளக் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தாள்.

"படையல் வெச்சா யாரும் பாக்கக் கூடாது. எல்லாரும் திரும்பி நில்லுங்க."

அதுதானே வழக்கம்? எல்லோரும் திரும்பி நின்றார்கள். கிராணி படித்தவர்; பலகை இடுக்கில் கண்ணை வைத்தார். இருசம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். மகள் வீடு வந்து சேருவது அந்த ஒற்றைக் கண்ணில் அல்லவா இருக்கிறது!

இருட்டில் குடம்போல் வயிறுள்ள ஓர் உருவம், கை நிறைய வளையல் குலுங்க, எலுமிச்சைச் சோற்றை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சேலையில் இன்னொன்று. அது ஏப்பம் விட்டுச் சொன்னது:

"புளிச்சோத்துல உப்புக் கம்மி. போகட்டும், பொண்ணை அனுப்பி வைக்கிறேன்."

"ஐயோ, ரெண்டு நிக்குது! இன்னுமொரு பெண்பேயை எங்களிட்டை அனுப்பப் போகுதாம்!" என்று கிராணி சேற்றில் குதித்தார். லாரிக்கு அவர் வந்து சேர்ந்தார். ஒரு காலின் சப்பாத்து வரவில்லை.

பிறகு அவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை நிர்வாக இலக்கியத்தின் சிகரம். 'பேய்கள் இரண்டு. தமிழ் சரளமாகப் பேசுகின்றன. உப்பைத் தவிர வேறு குறை சொல்லவில்லை.' இவ்வளவு பணிவான குடிமக்களைக் கண்டறியாத மேலிடம் மனம் குளிர்ந்து, அவை தோட்டத்துப் பக்கம் வராதிருக்க, மாதந்தோறும் கப்பலுக்கு அரிசியும் உப்பும் அனுப்ப உத்தரவிட்டது. அதன்பின் ராமாத்தாள் சம்பந்தியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

கமலவேணி தாய் வீடு வந்து பெண் குழந்தை பெற்றாள். இருசம்மாள் மறுபடி ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"பிள்ளை பெத்தவ பசி தாங்கலைங்க ஐயா. ரேஷன்ல ஒரு பிடி கூடப் போடுங்க."

"ஏலாது. கூடக் குடுத்தால் காட்டுக்குப் போகும்."

"கப்பல்ல இருக்கிறதுங்களுக்கு மட்டும் லாரி வெச்சு அனுப்புறீங்களே?"

கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"அவை செத்துப்போனவை, இருசம்மா. செத்தவையிலை அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகமும் இல்லை."