கிராஷ் அக்கா ஓட்டிய வேன்

ஒரு போனைக் கீழே போடாமல், தண்ணீரில் முக்காமல், வெறும் ஆள்காட்டி விரலால் சாகடிக்கத் தெரிந்தவர் பெங்களூரிலேயே ஒரே ஒருத்தர்தான். அவரோடு நான் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். கிராஷ் அக்கா. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் பாதியில் விழுந்து சாவதற்கு எங்கள் தொழிலில் கிராஷ் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. அக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டோமே தவிர, என்னைவிட அவர் ஐந்து வயது சின்னவர்.

ஐபோன் நம் ஊருக்கு வந்த புதிது. தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு சந்தில், பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். முதலாளி கிரீஷ் மைசூர் பக்கத்துக் கன்னடக்காரர். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற மாதிரி போனுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில்.

ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே "டெஸ்டர் தேவை" என்று ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு அக்கா மேலே வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப். எட்டு வருஷம் பீன்யாவில் ஒரு ரெடிமேட் துணி ஃபேக்டரியில் செக்கராக இருந்தவர். தினம் இரண்டு பஸ் மாறிப் போய் வந்து அலுத்துவிட்டதாம். வீட்டுக்குப் பின்னாலேயே துணி டெஸ்ட் பண்ணுகிற இடம் இருக்கிறதென்று நினைத்து வந்துவிட்டார்.

கிரீஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று காலைதான் நாங்கள் முடித்திருந்த ஒரு புரோகிராமைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தார். "இதன்ன செக் மாடம்மா, நோடோணா" என்றார், இதைச் செக் பண்ணு பார்ப்போம் என்கிற மாதிரி.

அக்கா முதல் வேலையாகப் போனின் முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். துடைத்த துடைப்பில் நாலு பக்கம் திறந்தது, மூன்று மூடியது, ஒன்று பாதியில் நின்றது. அப்புறம் திரை கறுத்துப் புரோகிராம் போயே போய்விட்டது. அக்கா பதறவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், இதுல எங்கியோ தையல் வுட்டுகீது சார்."

மறுநாளே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

நான் அந்தக் கம்பெனிக்கு வந்த கதை இவ்வளவு கலகலப்பானதில்லை. பதினெட்டு வருஷம் பெரிய கம்ப்யூட்டர்களுக்குக் கோபால் என்ற பழைய மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன். உலகமே மந்தம் என்றார்கள், எங்கள் பிரிவை இழுத்து மூடினார்கள். நாற்பத்தொன்றாம் வயதில் மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, இருபத்துமூன்று வயதுக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அப்ஜெக்டிவ்-சி என்ற மொழியை அ ஆவன்னாவிலிருந்து கற்றுக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் பார்ப்பதாகவும் பிறகு சொல்வதாகவும் கிரீஷ் சொல்லியிருந்தார். அந்தப் 'பிறகு' என்ற வார்த்தை காலையில் பல் தேய்க்கும்போதும் என்னோடு இருக்கும்.

அந்த மொழியில் பட்டியல் இரண்டு ரகம். ஒன்று, எழுதினால் எழுதியதுதான். இன்னொன்றில் பெயரைச் சேர்க்கலாம், எடுக்கலாம். அதற்கு மியூட்டபிள் அரே என்று பெயர். நான் விழுந்து எழுந்ததெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

அக்காவுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கண்ட தவறுகளை நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதுவார், ஒவ்வொன்றும் இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. என் முதல் புரோகிராமைப் பற்றி அவர் எழுதியது இது: "போட்டேன். காணோம்."

போய்ப் பார்த்தேன். பெயரை அடித்துச் 'சேர்' என்று அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, நான் பட்டியலுக்குப் பெயர் வைத்திருந்தேனே ஒழிய பட்டியலை உருவாக்கவே இல்லை. வேறு மொழியாக இருந்தால் கத்திக் கூப்பாடு போட்டிருக்கும். இந்த மொழி அப்படியில்லை. இல்லாத பட்டியலிடம் போய் இந்தப் பெயரைச் சேர்த்துக்கொள் என்றால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

"கவர்மென்ட் ஆபீஸ் கவுன்டர் மாரி இருக்குதுண்ணா" என்றார் அக்கா. "மனு வாங்கிக்கிறாங்க, உள்ள ஆளே இல்ல."

அடுத்தது: "இல்லாதவனைக் கூப்பிட்டுது. செத்துது." பட்டியலில் பத்துப் பேர் இருந்தால் எண் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைதான் போகும். நான் பத்தாம் எண்காரனைக் கூப்பிட்டிருந்தேன். அதற்கடுத்த வாரம்: "எல்லாம் ஷீலா." ஷீலா என்பது எங்கள் ஆபீஸில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண். ஒரே பொருளை உருவாக்கி, அதிலேயே பெயரை மாற்றி மாற்றி முப்பது தடவை பட்டியலில் சேர்த்திருந்தேன். கடைசியாக வைத்த பெயர் ஷீலா, அதனால் முப்பது வரியிலும் ஷீலா. உண்மையான ஷீலா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கிரீஷ் எல்லாவற்றையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஐந்தாவது மாதம் எனக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்தார்கள். வெளிநாட்டில் பள்ளிக்கூட வேன்கள் ஓட்டுகிற ஒரு நிறுவனத்துக்கான புரோகிராம். டிரைவர் கையில் போன். வேனில் ஏறுகிற குழந்தையின் பெயர் பட்டியலில் சேரும். நிறுத்தத்தில் இறங்குகிற குழந்தைகளின் பெயர்களைத் தொட்டு 'இறங்கியாச்சு' என்று அமுக்கினால் அந்தப் பெயர்கள் போய்விடும். எல்லோரும் போனபின் திரையில் பச்சையாக 'வேன் காலி' என்று வரும். டிரைவர் பூட்டிவிட்டுப் போகலாம்.

முதலில் எழுதியபோது, பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டே அதிலிருந்து பெயரை எடுத்தேன். படித்துக்கொண்டிருக்கும்போது பட்டியலில் கை வைத்தால் இந்த மொழிக்குப் பிடிக்காது, அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அக்கா நோட்டில் ஒரே வார்த்தை: "மண்டை." மண்டையைப் போட்டுவிட்டதாம். சரி என்று வழியை மாற்றினேன். இறங்குகிறவர்கள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார்கள் என்று முதலில் குறித்துக்கொள்வது, அப்புறம் அந்த இடங்களில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுப்பது. ஒரு குழந்தையை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், விழவில்லை. இன்னொன்று. அதுவும் விழவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

மறுநாள் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். காலையில் அக்காவிடம் போனைக் கொடுத்து, நோட்டில் 'சரி' என்று எழுதச் சொன்னேன். மத்தியானம் வரை எழுதவில்லை.

"ஒரு தபா கரெக்டா வருது, ஒரு தபா ஆள் மாறுதுண்ணா. எப்பன்னு புடிபடல."

"விழுதா?"

"வுழல. வுழுந்தாதான் பரவால்லியே. இது கம்முனு தப்பு பண்ணுது."

"அக்கா, நாளைக்கு டெமோ. இந்த ஒரு தடவை எழுதிக் கொடுத்துடுங்க. அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்."

"தெரியாம எப்டிண்ணா எழுதறது?"

அப்போது நான் சொன்னதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "பட்டனைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். ஷீலா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஆமாண்ணா" என்றார். "சின்னப் பசங்க சட்டை. பட்டன் வந்துச்சின்னா புள்ள வாயில போட்டுக்கும். இழுத்தா வரக்கூடாது. அவ்ளோதான் என் வேல." பிறகு எழுந்து நேராகக் கிரீஷ் அறைக்குப் போனார்.

என் வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். மேஜை இழுப்பறையில் என்னென்ன இருக்கிறதென்றுகூடப் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஐந்து நிமிஷத்தில் அக்கா வெளியே வந்து கைதட்டினார்.

"எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வாங்க. வேன் கெளம்புது."

மீட்டிங் ரூம் என்பது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அக்கா ஆறு நாற்காலிகளை இரண்டிரண்டாக வேன் மாதிரி போட்டிருந்தார். முன்னால் ஒரு ஸ்டூல், அது டிரைவர் சீட்டு. வாட்ச்மேன் தாத்தா முதலில் ஏறினார். அடுத்து நான், ஷீலா, நாலாவதாகக் கிரீஷ், பின்னால் இரண்டு புரோகிராமர்கள். ஏற ஏற அக்கா போனில் பெயர் சேர்த்தார்.

"கிரீஷ் சார், நீங்க எல்கேஜி. தூங்கறீங்க."

"நித்தே மாட்பேகா?" நிஜமாகவே தூங்க வேண்டுமா என்று கிரீஷ் கேட்டார். கேட்டவர் கண்ணை மூடினார். வெளிநாட்டுக்காரர்களோடு இரண்டு நாளாக விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த மனிதர். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு நிமிஷத்தில் வாயைத் திறந்து தூங்கிப்போனார்.

அக்கா வாயால் வண்டியை ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு, மேடு ஏற்றி, பிரேக் அடித்தார். "மொதல் ஸ்டாப். அண்ணனும் ஷீலாவும் எறங்குங்க." எங்கள் இருவர் பெயரையும் தொட்டு 'இறங்கியாச்சு' அமுக்கினார். அடுத்த நிறுத்தத்தில் வாட்ச்மேன் தாத்தா. போனைப் பார்த்து அக்கா சொன்னார்: "ஷீலா பேரு இன்னும் நிக்குது. அவ அப்பவே எறங்கிட்டா. டிரைவர் இன்னா பண்ணுவான்? அமுங்கல போலன்னு இன்னொரு தபா அமுக்குவான்." அமுக்கினார். பிறகு பின்சீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

அக்கா போனை எங்கள் பக்கம் திருப்பினார். பச்சை எழுத்து. வேன் காலி.

நாலாவது நாற்காலியில் கிரீஷ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா விளக்கை அணைத்தார், மின்விசிறியை நிறுத்தினார், எங்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வாங்க, டீ குடிக்கலாம்."

"அக்கா, சார் உள்ள..." என்றாள் ஷீலா.

"போன் காலின்னு சொல்லுதே."

கீழே பேக்கரியில் நின்று டீ குடித்தோம். ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி. யாருக்கும் டீ இறங்கவில்லை, அக்காவைத் தவிர. அவர் ஒரு பன்னும் சாப்பிட்டார். கால் மணி நேரம் கழித்து அவர் செல்போன் அடித்தது. எல்லோரும் எங்கே, கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்ற கிரீஷின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எல்லிதீரா எல்லாரூ? பாகிலு யாக்கே லாக் ஆகிதே?"

அக்கா நிதானமாகப் பதில் சொன்னார். "சார், வேன்ல யாரும் இல்லன்னு போன்ல வந்துச்சி சார். அதான் பூட்டிக்கினு வந்துட்டேன்."

மேலே ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது கிரீஷ் சட்டை முழுக்க நனைந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. கத்துவதற்காக வாயைத் திறந்தார். அக்கா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தார், திரும்பி நாற்காலியைப் பார்த்தார். அப்படியே அந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

"நன்ன மகளூ வேன்னல்லே ஸ்கூலுக்கு ஹோக்தாளே" என்றார். தன் மகளும் வேனில்தான் போகிறாள் என்று, எங்களிடம் அல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இது ரெடின்னு யாரு சொன்னது?" என்று தமிழில் கேட்டார்.

அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. நோட்டை மூடி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நான்தான் சார்" என்றேன். "காலைலயே இவங்க சொன்னாங்க. நான்தான் கேக்கல. கேக்காததோட தப்பாவும் பேசிட்டேன்."

"சரி பண்ண எத்தனை நாள்?"

"ஒரு நாள் சார்."

"அவருக்கு ஒரு நாள்" என்றார் அக்கா. "எனக்கு மூணு நாள்."

கிரீஷ் அந்த இடத்திலேயே வெளிநாட்டுக்குப் போன் போட்டு டெமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

தவறு என்னவென்று அன்று மாலை கண்டுபிடித்தேன். இரண்டாம் இடத்திலிருந்த என்னை எடுத்ததும் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். மூன்றாம் இடத்தில் ஷீலா இருப்பாள் என்று குறித்து வைத்திருந்தேன், அங்கே இப்போது இருந்தவர் கிரீஷ். அவர் பெயர் போய்விட்டது. ஒவ்வொரு ஆளாக இறக்கினால் தெரியாது, இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால்தான். நான் சோதித்ததெல்லாம் ஒவ்வொரு ஆளாக.

மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முழுசாகச் சொல்ல விடவில்லை. "அது காஞ்சிப் போச்சிண்ணா. இப்ப எப்டி சரி பண்ண, அதச் சொல்லு."

மேஜையில் டீ டம்ளர்களை வரிசையாக வைத்துக் காட்டினேன். முன்னாலிருந்து எடுத்தால் மற்றவை நகரும். கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால், முன்னால் இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கும். அக்கா தானே ஒருமுறை எடுத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடங்கொப்புரானே! இவ்ளோதானா? இதுக்கா சாரப் பூட்டி வெச்சோம்?"

மூன்று நாள் முழுக்க வேன் ஓடியது. இரண்டிரண்டாக, மும்மூன்றாக, அத்தனை பேரும் ஒரே நிறுத்தத்தில் என்று அக்கா எங்களை ஏற்றி இறக்கினார். எனக்கு மூட்டு வலியே வந்துவிட்டது. நான்காம் நாள் காலை நோட்டில் 'சரி' என்று எழுதி, கீழே கோடு போட்டு, போனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மாதக் கடைசியில் கிரீஷ் என்னைக் கூப்பிட்டு வேலையில் நிரந்தரம் என்றார். என்ன காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அக்காவுக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்கான கருவிகள் செய்கிற இடம். அங்கே இவரை எப்படித் தாங்கப் போகிறார்களோ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கடைசி நாள் எல்லோருக்கும் கீழே பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். "ஒயுங்கா சாப்புடுண்ணா, எளச்சிட்ட" என்று என்னிடம் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை என் புரோகிராம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு தடவைகூட விழவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.