சிங்காரத்தைக் கரையேற்றிய கதை

கடற்கரையில் பிறந்தவனை நம்பி எந்த வேலையையும் கொடுக்கலாம், தண்ணீரில் விழுகிறவனைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும் வேலையைத் தவிர. என்னை அந்த ஒரு வேலைக்குத்தான் வைத்தார்கள். (எனக்கு வேணும்.)

பேசும் படம் வந்த புதிது. பெரிய புராணப் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக ஒரு துண்டுச் சிரிப்புப் படம் எடுக்க, மதராஸ் கம்பெனி ஒன்று எங்கள் இனயம் கடற்கரைக்கு வந்தது. கதை இவ்வளவுதான்: கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக ஒரு ஜமீன்தார் கட்டுமரத்தில் ஏறி நின்று ஜம்பம் அடிப்பார், கடலில் விழுவார், தத்தளிப்பார். ஜமீன்தாராக நடித்தவர் சிங்காரம், மதுரைப் பக்கம் நாடகங்களில் கோமாளி வேஷம் கட்டியவர். இந்தப் படத்தில் ஜனங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தால் கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

மணலில் எனக்கு விழுந்து காட்டினார். உடம்பு விறைப்பாகச் சாயும். கையில் பிடித்த குடை மட்டும் கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும். "சிரிப்பு இந்தக் குடையிலதான் தம்பி இருக்கு" என்றார்.

முதல் தடவை அவர் கடலில் விழுந்ததும் எங்கள் ஊர் ஆண்கள் மொத்தமாகக் குதித்து, அவர் ஒழுங்காக முங்குவதற்குள் தூக்கிக் கரையில் போட்டார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, இதெல்லாம் நடிப்பு என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாம் தடவை என் சித்தப்பா குதித்தார்.

"நடிப்புன்னு சொன்னேனே பெரியவரே?"

"சொன்னீரு. ஆனா ஒருத்தன் கையைத் தூக்கிக் காட்டும்போ எப்பிடி வோய் பாத்துக்கிட்டு இருக்கியது?"

இன்னும் ஒரே ஒரு தடவை விழுவதற்குத்தான் பிலிம் மீதி இருந்தது. நான் கரையில் மீன் ஏலம் போடுகிறவன். அந்தத் தொண்டைக்காக என்னைக் காவல் வைத்தார்கள். இரண்டு வள்ளங்களுக்கு நடுவே கயிறு கட்டி, ஊரையே அதற்குப் பின்னால் உட்காரவைத்தேன். "ஏலே, எவனாவது அசைஞ்சா காலை ஒடிச்சிருவேன்" என்று மிரட்டினேன். ஒருத்தரும் அசையவில்லை.

சிங்காரம் விழுந்தார். குடை நிமிர்ந்தபடியே தண்ணீருக்குள் இறங்கியது. பிறகு கை வந்தது, தலைப்பாகை போன தலை வந்தது, இரண்டும் மறைந்தன. ஒரு அலை பொறுத்தேன். அடுத்த அலைக்கு மனசு கேட்கவில்லை. (நனைந்த கோட்டு என்ன கனம் கனக்கும்?) பாய்ந்தேன். வேட்டி கயிற்றில் மாட்டிக் கரையிலேயே தங்கிவிட்டது. கோவணத்தோடு நீந்திப் போய் அவர் தலைமயிரைப் பிடித்தேன். அது டோப்பா, கையோடு வந்தது.

"விடுய்யா, நடிச்சிட்டிருக்கேன்" என்றார்.

"பேசாதீரும், தண்ணி குடிச்சிருவீரு" என்றேன்.

அவர் திமிறினார். முங்குகிறவன் திமிறினால் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். தாடையில் ஒன்று வைத்து அடக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வைத்தேன். இன்னும் திமிறினார், இன்னொன்றும் வைத்தேன். மயங்கிய மனிதரைத் தோளில் போட்டு, கையில் டோப்பாவோடு வெற்றி வீரனாகக் கரையேறினேன். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. கண் விழித்த சிங்காரம் முதலில் கேட்டது, "குடை சரியா நின்னுச்சா?" என்றுதான்.

நாகர்கோவில் கொட்டகைக்குப் படம் வந்தபோது அவர் மனைவியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப குடையைப் பாரு" என்று மனைவியிடம் சொன்னார். அவர் விழுந்ததற்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் கோவணத்தோடு பாய்ந்ததும் கொட்டகையே புரண்டு சிரித்தது. அதற்குப் பிறகு குடையை யார் பார்த்தார்கள்?

வெளியே கம்பெனி ஆள் என் கையைப் பிடித்து, "மதராஸ் வர்றியா?" என்றார். பக்கத்தில் நின்ற சிங்காரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மாட்டேன் என்றேன். நான் மறுத்ததால் அந்த வேலை சிங்காரத்துக்குக் கிடைத்துவிடவில்லை. "நல்லா பாய்ஞ்சே தம்பி" என்று சிங்காரம் என் தோளைத் தட்டினார். மனதாரச் சொன்னார், அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. பிறகு எந்தப் படத்திலும் அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யார் குளத்தில் குளிக்க இறங்கினாலும், "முதல்ல தாத்தாவைக் கட்டிப் போடுங்க, வேட்டியையும் சேத்து" என்பாள் பேத்தி. எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். கோவணம், டோப்பா, தாடையில் வைத்த குத்து எல்லாம் அந்தக் கதையில் பத்திரமாக இருக்கின்றன. குத்து வாங்கியவர் பெயர் என்ன என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.