எழுபதில் நிற்காத முள்

முள் அறுபதில் கிடந்தது.

ஏ.சி. மெக்கானிக் பெட்டி மூடியில் பதித்திருந்த ஈரமானியை மெல்லத் தட்டினான். முள் அசையவில்லை. ஊதிப் பார்த்தான். அதற்கும் அசையவில்லை. மாமனார் விமானம் ஏறி முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் அவருடைய சுருட்டுப் பெட்டி தன் குணத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது.

"என்னங்க, காலங்காத்தால பெட்டியோட கொஞ்சிக்கிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஈரம் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சா என்ன, அதுக்குத் தாகமா எடுக்கப் போகுது?"

"அப்படித்தான் உங்கப்பா சொன்னாரு."

மாமனார் கப்பலில் என்ஜினியராக இருந்தவர். இளைய மகள் பிறந்த செய்தி நடுக்கடலில் வந்து சேர்ந்தபோது கேப்டன் கட்டிப்பிடித்துக் கொடுத்த பெட்டி அது. உள்ளே தேவதாருப் பலகை, அதன் மேல் வரிசையாகச் சுருட்டுகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் கப்பல் படம் போட்ட தங்க நிறக் காகிதப் பட்டை. இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட அவர் பற்ற வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறப்பார், கண்ணை மூடி ஒரு தடவை முகர்வார், மூடிவிடுவார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கும் அதே உபசாரம்தான். முகர்ந்துவிட்டுப் போகலாம்.

அந்த மனிதருக்கு இந்த மாப்பிள்ளை மேல் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. சொந்தக்காரர்களிடம் அறிமுகப்படுத்தும்போது, "நம்ம சின்னவ வீட்டுக்காரர்" என்பது வரை குரல் கணீரென்று வரும். "ஃப்ரிட்ஜ், ஏ.சி. எல்லாம் பாக்கறாரு" என்கிற இடத்தில் தொண்டைக்குள் போய்விடும். அப்படிப்பட்டவர், மாமியாரோடு மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கொண்டுவந்து மாப்பிள்ளை மடியில் வைத்தார்.

"அவங்க ஊருல காத்து வறட்சி. கொண்டு போனா வெடிச்சிடும். குளிரு, ஈரம், காத்தோட்டம், மூணும் உங்க தொழில்தானே? முள் எழுபதுல நிக்கணும். கூடினா பூஞ்சை, குறைஞ்சா விரிசல். மூச்சு விட அப்பப்ப மூடியைத் திறந்து விடுங்க."

கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் அவன் காத்திருந்தான்.

அதனால் முள் அறுபதைக் காட்டியதும் அவன் சும்மா இருக்கவில்லை. பெட்டிக்குள் ஈரம் கொடுப்பதற்காக இருந்த சின்னப் பஞ்சை எடுத்தான். "இத்துனூண்டு பஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று, பாத்திரம் துலக்கும் புது ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி உள்ளே வைத்து மூடினான்.

மறுநாள் காலையில் முள் தொண்ணூறைத் தாண்டிக் கிடந்தது. சுருட்டுகள் குளித்துவிட்டுத் தலை துவட்டாதவர்களைப் போல ஊறிப்போயிருந்தன.

"காத்தோட்டம் பத்தல," என்று தீர்ப்புச் சொன்னான்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குட்டி விசிறியைக் கழற்றிப் பெட்டி வாயில் பொருத்தினான். படுக்கையறை ஏ.சி.யையும் உலர்காற்றில் ஓடவிட்டான். அன்று முழுக்க விசிறி வண்டு போல ரீங்காரமிட்டது. மனைவி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "எங்கப்பா பெட்டியைத்தானே பாத்துக்கச் சொன்னாரு, என்னை ஏன் காயப்போடறீங்க?" என்றாள்.

மறுநாள் முள் நாற்பத்தைந்து. வரிசையில் முதல் சுருட்டை எடுத்தபோது மேல் இலை சருகு மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"மாப்பிள்ளை, முள் எங்க நிக்குது?"

"நிக்குது மாமா."

"எழுபதுலயா?"

"அதைச் சுத்தித்தான் மாமா."

ஒரு வகையில் அது பொய்யில்லை. ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே என்று முள் எழுபதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது.

போனை வைத்த கையோடு குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவிக்கு நடுவில் ஸ்டூல் போட்டுப் பெட்டியை வைத்தான். அதே சமயம் ஒரு ஓட்டல்காரர் குளிர்பதன அறை நின்றுபோச்சு என்று அலறினார். ஓடினான். அங்கே கம்ப்ரஸர் அவனை இரண்டு நாள் பிடித்துக்கொண்டது. ஆவிபிடித்த பெட்டியை யாரும் நினைக்கவில்லை.

திரும்பி வந்து திறந்தால், சுருட்டு ஒவ்வொன்றுக்கும் வெள்ளை மீசை முளைத்திருந்தது.

மனைவி வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில். அங்கிருந்து மெல்லிய பிரஷ் கொண்டுவந்து, ஆளுக்குப் பாதியாகச் சுருட்டுகளுக்குப் பல் தேய்ப்பது போலத் தேய்த்தார்கள். பூஞ்சை போயிற்று. ஆனால் எங்கே திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை.

"பூஞ்சை வளராத இடம் ஒண்ணுதான்," என்றான் மெக்கானிக், தன் தொழில் மேல் இருந்த அத்தனை நம்பிக்கையோடும். "ஃப்ரிட்ஜ்."

ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், நறுக்கி வைத்திருந்த வெங்காயத்துக்குப் பக்கத்தில், மூடி லேசாகத் திறந்தபடி பெட்டி ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு வாரமும் பாலில் சுருட்டு மணத்தது. சுருட்டில் வெங்காயம் மணத்தது.

மாமனார் மறுபடி கூப்பிட்டார். "இங்க ஒரே குளிர் மாப்பிள்ளை. அந்த வாசனை ஞாபகமாவே இருக்கு. ஒரு தடவை திறந்து, எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன்."

மெக்கானிக் மூடியைத் திறந்து குனிந்தான்.

"கண்ணுல தண்ணி வருது மாமா," என்றான்.

எதிர்முனையில் தழுதழுத்த குரலில், "எனக்கும் அப்படித்தான் வரும்," என்றார் மாமனார். "நீங்க ரசனையுள்ள மனுஷன். எனக்குத்தான் இத்தனை நாளா தெரியல."

அதுதான் மெக்கானிக்கைத் தூங்கவிடாமல் செய்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அடுத்த நாளே நகரத்தின் பழைய சுருட்டுக் கடைக்கு மாதிரிக்கு ஒரு சுருட்டோடு போனான். கடைக்காரர் அதை முகர்ந்தார், மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். "இதைப் பிடிக்கப் போறீங்களா, தாளிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஆனால் அதே நீளம், அதே பருமன், அதே நிறத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். கப்பல் பட்டைதான் இல்லை.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். பல் ஆஸ்பத்திரி இடுக்கியால் அவள் பழைய பட்டைகளைப் பதமாக உருவினாள். அவன் ஓரத்தில் கோந்து தடவிப் புதுச் சுருட்டுகளில் சுற்றினான்.

"எங்கப்பாவை நானே ஏமாத்தறேன்," என்றாள் அவள்.

"பட்டையை நேராப் பிடி. கப்பல் கவுந்திருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. பழைய சுருட்டுகளைத் தொட்டிச் செடிக்கு உரமாகப் போட்டார்கள். பெட்டியை நன்றாகக் காயவைத்துத் துடைத்து, அந்தச் சின்னப் பஞ்சையே அளவாக நனைத்து உள்ளே வைத்தான். அதன்பிறகு அவன் பெட்டியைத் தொடவில்லை. முள் தானாக நகர்ந்து எழுபதில் போய் நின்றது, நின்றபடியே இருந்தது.

மாமனாரும் மாமியாரும் ஊர் திரும்பிய கையோடு சின்ன மகள் வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேராகப் பெட்டியிடம் போனார். முள்ளைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். கண்ணை மூடினார்.

மெக்கானிக் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். மனைவி அவன் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

"அதே வாசனை!" என்றார் மாமனார். கண் கலங்கியிருந்தது. "கேப்டன் கையிலேர்ந்து வாங்கினேனே, அன்னிக்கு இருந்த அதே வாசனை. இவ்வளவு வருஷம் பாத்துக்கிட்ட எனக்கே இந்தப் பக்குவம் வரல." மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "இனிமே பெட்டி இங்கயே இருக்கட்டும். நான் ஞாயித்துக்கிழமை இங்க வந்து மோந்துக்கறேன்."

அப்போதே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். "நம்ம மாப்பிள்ளை. ஏ.சி. மெக்கானிக்!" என்றார். கடைசிச் சொல் வரை குரல் கணீரென்று வந்தது.

பெட்டி கைமாறிக் கைமாறி மாமியாரிடம் வந்தது. அவர் ஒரு சுருட்டை எடுத்து வெளிச்சத்தில் லேசாகத் திருப்பிப் பார்த்தார். பட்டையை ஒரு தடவை விரலால் தடவிவிட்டு வைத்துவிட்டார்.

மெக்கானிக் காபி போடும் சாக்கில் சமையலறைக்குள் நழுவினான். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, இதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை மொத்தமாக விட்டான். பின்னாலேயே மாமியார் வந்தார். கூடத்தில் மாமனாரின் குரல் உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு மாப்பிள்ளையின் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோந்து போட்டா காஞ்சதும் பளபளன்னு காட்டிக்குடுத்துடும் மாப்பிள்ளை. அடுத்த தடவை மைதாவைக் கரைச்சு ஒட்டுங்க. அவரு கப்பல்ல இருந்தப்ப நான் மூணு தடவை சுருட்டை மாத்தியிருக்கேன், ஒரு தடவைகூட மாட்டிக்கல!"