இடது கன்னம் கடைக்கு, வலது கன்னம் கல்யாணத்துக்கு

786

காரைக்குடி
4-4-1967

பினாங்கில் இருக்கும் அன்பு மாமு சாதிக் அலி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் அக்காள் சைதுன் பீவியின் மகன் அபுதாஹிர் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் அத்தா, அம்மா, கடை, குர்பானிக்கு வாங்கி மனசு வராமல் வளர்த்துக்கொண்டிருக்கும் ஆடு உள்பட எல்லோரும் சுகம். என் முகம் ஒன்றுதான் சுகமில்லை. அவ்விடம் நீங்களும் உங்கள் முகமும் நல்லபடி இருக்க ஆண்டவனிடம் துஆச் செய்கிறேன்.

நீங்கள் கப்பலில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பிய பெட்டி சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. சேதமெல்லாம் திறந்த பிறகுதான். எழுத வந்த சங்கதியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனிமேல் களிம்பு, ஸ்னோ, லோஷன், சோப்பு என்று முகத்துக்குப் போடுவது எதையும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். டார்ச் லைட் அனுப்புங்கள், குடை அனுப்புங்கள், பேனா அனுப்புங்கள். ஏன் என்று கேட்பீர்கள். உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும்.

நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கப்பல் ஏறினீர்கள். இப்போது வயது இருபத்தைந்து, அந்தக் கன்னத்தைக் கிள்ளினால் கையோடு தோல் வந்துவிடும். நெற்றியிலும் தாடையிலும் பரு. கன்னம் இரண்டும் வறண்டு செதில் செதிலாக உரியும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே சிவந்து போகும். எண்ணெய் தடவினால் பரு கூடுகிறது, தடவாவிட்டால் தோல் வெடிக்கிறது, சோப்புப் போட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் வேலை பார்ப்பது, ஸ்னோவும் பவுடரும் விற்கும் நம் கடையில்.

போன வருஷம் உமையாள் ஆச்சி காரை விட்டு இறங்கி, நீங்கள் அனுப்பிய ஒரு ஸ்னோ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மேலுக்கு ஒத்துக்கிருமா?" என்று கேட்டார்கள். அத்தா உடனே, "சீமைச் சரக்கு ஆச்சி, பட்டாட்டம் இருக்கும்" என்றார். ஆச்சி அத்தாவைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தார்கள். "அப்ப இந்தத் தம்பி மூஞ்சியில பூசி வைங்க. மூணு நாக் கழிச்சு வாரேன். இதுக்கு ஒத்துக்கிட்டா ஊருக்கே ஒத்துக்கிரும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள். பூசினோம். மூன்று நாளில் முகம் கெடவில்லை, அதாவது ஏற்கெனவே கெட்டிருந்ததற்கு மேல் கெடவில்லை. ஆச்சி அரை டஜன் வாங்கிப் போய்ச் சொந்தபந்தம் முழுக்கச் சொன்னார்கள். அதிலிருந்து எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் என் முகத்தில் மூன்று நாள் இருந்த பிறகுதான் அலமாரிக்கு ஏறும் என்று ஆகிவிட்டது. எரிந்தால் எரிகிறது என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். எனக்கு மறைக்கத் தெரியாது, மறைத்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் அத்தாவுக்கு ஏகப் பெருமை. அம்மாவுக்கு வயிற்றெரிச்சல். ஏனென்றால் மூன்று இடத்தில் எனக்குப் பெண் பேசி, மூன்று வீட்டாரும் வந்து பார்த்து, பையன் தங்கமான பையன், முகம் ஆறட்டும் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டார் போன அன்று அம்மா, "எம் புள்ள மூஞ்சி என்ன உங்க கடைச் சுவரா, கண்டதையும் பூசிப் பாக்க?" என்று பிடித்துக்கொண்டது. அத்தா, "அவன் மூஞ்சி தெளிஞ்சிட்டா நம்ம கடையை யாரு நம்புவா?" என்றார். இரண்டு நாள் சண்டை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. இடது கன்னம் கடைக்கு, வலது கன்னம் கல்யாணத்துக்கு. அதன்படி வலது கன்னத்தை அம்மா பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் தொடவிடாது, வெயில் படாமல் துண்டைப் போர்த்தித்தான் வெளியே அனுப்பும். ஊரில் எனக்குப் பல்வலி என்று பேச்சு.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். முதலில் தேன் லோஷன். புட்டியில் பூவும் தேனீயும் போட்டிருந்ததை அலங்காரம் என்றுதான் நினைத்தேன். பூசிக்கொண்டு கோவிலூர் போக டவுன் பஸ் ஏறினால், பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு குளவி என் இடது கன்னத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு கூடவே ஏறிவிட்டது, நான் முன்னால் போனால் அதுவும் முன்னால், பின்னால் போனால் அதுவும் பின்னால், ஒரு அம்மாள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூப்பாடு போட, கண்டக்டர் விசிலை ஊதி, "அண்ணே, நீங்களும் குளவியும் எறங்கிக்கிருங்க, மத்தவுக பொழைக்கட்டும்" என்று பாதி வழியில் இறக்கிவிட்டார். அடுத்தது கந்தகச் சோப்பு. எதிர் டீக்கடை குமரப்பன், "எங்கயோ கருகுற வாடை வருதே" என்று அடுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். மூன்றாம் நாள் கன்னம் வெங்காயச் சருகாக உரிந்தது. பரு மட்டும் காலி செய்ய மாட்டேன் என்கிற வாடகைக்காரரைப் போல அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்த முத்துக் களிம்பு. அதை நான் ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் பூசியது என் புத்திகெட்டத்தனம். தொழுகை முடிந்து ஒருவரையொருவர் தழுவி முலாகத் செய்தபோது, தழுவியவர் கன்னத்திலெல்லாம் என் கன்னத்து வெள்ளை போய் ஒட்டிக்கொண்டது. நான் யார் யாரைத் தழுவினேன் என்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வெள்ளை இல்லாத இரண்டு பேர் என்னோடு கோபித்துக்கொண்டார்கள். மறுநாள் இடது கன்னம் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல எரிந்து, காய்ந்து, வெடித்து, பருவும் புதிதாக ஒன்பது எண்ணினேன்.

இந்த நிலைமையில்தான் பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் நாலாவது பெண் வீட்டார் வருவதாகச் சேதி வந்தது. சாக்கோட்டைக்காரர்கள். பெண் பெயர் ஷரபுன்னிசா. மாமு, எனக்கு அன்று பயம் வந்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் இனி யார் வருவார்கள் என்று அம்மா சமையல்கட்டில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்துவிட்டேன். ஆகவே அம்மா சொன்னபடியெல்லாம் கேட்டேன். இடது கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, வலது கன்னம் மட்டும் சபைக்குத் தெரிகிற மாதிரி என்னைப் பக்கவாட்டில் உட்கார வைத்தார்கள். "யாரு என்ன கேட்டாலும் கண்ணைத் திருப்பு, கழுத்தைத் திருப்பிராத" என்பது கட்டளை. பெண்ணின் அத்தா ஏதோ கேட்டார், நான் சுவரைப் பார்த்தே பதில் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "மாப்பிள்ளைக்குக் கழுத்துல பிடிப்பு இருக்கோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு பெரியம்மா விறுவிறுவென்று வந்தார்கள். பார்த்தால் நம் கடைக்கு வருகிற சுபைதா பெரியம்மா! ஒரு வருஷமாகச் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, ஒரு சாண் தூரத்தில் என் முகத்தை உற்றுப் பார்த்து, "என்ன பூசுனீக? எரியுதா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். பொழுதுபோகாமல் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள்தான் பெண்ணுக்குச் சொந்தப் பெரியம்மாவாம். "வலது பக்கத்தைப் பாத்து நான் என்ன பண்ண? அங்குட்டுத் திருப்புங்க தம்பி, இடது பக்கத்தை" என்றார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டது. நான் திரும்பினேன். சபையில் யாரோ "யா அல்லா" என்றார்கள்.

"முத்துக் களிம்பு என்னாச்சு?" என்று பெரியம்மா கேட்டார்கள். மாமு, எனக்குப் படித்துக்கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது. "அதை வாங்கிராதீக பெரியம்மா, ஒரே எரிச்சல்" என்று சொல்லிவிட்டேன். அத்தா பின்னால் இருமு இருமு என்று இருமுகிறார். பெரியம்மா சபையைப் பார்த்துத் திரும்பி, "பாத்தீகளா? தங் கடைச் சரக்கைத் தானே ஆகாதுங்குற புள்ள. எங்க ஷரபுன்னிசாவுக்கும் இதே வறட்டுத் தோலு, இதே பரு. ஒரு வருசமா இவுக கன்னத்தைப் பாத்துட்டுப் போயி அவகிட்டச் சொல்லுறதுதான் எனக்கு வேலை. நான் வாசப்படி ஏறுறதுக்குள்ள 'இன்னைக்கு என்ன சொன்னாக'ன்னு ஓடியாருவா. கட்டுனா இந்தப் புள்ளையத்தான் கட்டுவேன்னுட்டா" என்றார்கள்.

அவ்வளவுதான், சர்க்கரை வாயில் போட்டுப் பேச்சு முடிந்தது. ஜூலையில் நிக்காஹ். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை மாமு. மூன்று வீட்டார் குறை சொன்ன முகத்தை, பார்க்காமலே ஒருத்தி நம்பியிருக்கிறாள். உமையாள் ஆச்சிக்கு மட்டும் வருத்தம். "கல்யாணமாகித் தெளிஞ்சிட்டீகன்னா நாங்க யாரப் பாத்து வாங்குறது?" என்றார்கள். "அத்தா மூஞ்சி இருக்கே ஆச்சி" என்றேன். "அது எதைப் பூசுனாலும் அப்படியேதான இருக்கும்" என்று காரில் ஏறிவிட்டார்கள்.

ஆகவே என் முகத்துக்கு இன்றோடு ஓய்வு கொடுத்துவிட்டேன். நான் ஆகாது என்று கழித்ததை ஷரபுன்னிசா தொட்டதே இல்லை, அவள் தோலைக் காப்பாற்றியது என் தோல் என்ற ஒரு திருப்தி போதும். களிம்பு அனுப்ப வேண்டாம், நீங்கள் வந்தால் போதும். மாமியிடம் என் சலாம். பிள்ளைகளின் கன்னத்தில் ஒன்றும் பூசாமல் என் முத்தங்கள். அங்குள்ள நம் ஊர்க்காரர் அனைவருக்கும் எங்கள் எல்லோருடைய துஆ.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
அ. அபுதாஹிர்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் அம்மா சாக்கோட்டை போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தது. ஒரு பரு இல்லையாம், ஒரு செதில் இல்லையாம். அம்மா பூரித்துப்போய், "எம் மகன் சரின்னு சொன்னதைப் பூசித்தான் இப்புடி ஆச்சா தாயி?" என்று கேட்டிருக்கிறது. அவள் சொன்னாளாம்: "இல்ல மாமி. அவுக சரின்னதை ரெண்டு தடவை பூசி மூஞ்சி வீங்கிப் போச்சு. அப்புறம் ஒரு வீம்புக்கு, அவுக ஆகாதுன்னு கழிச்சதைப் பூசிப் பாத்தேன். நல்லாருந்துச்சு. அதுலேருந்து அவுக வேணாம்னதைத்தான் பெரியம்மாவை வாங்கியாரச் சொல்லுவேன்." கழித்த டப்பாக்களையெல்லாம் என் கண்ணில் படாமல் பெரியம்மாவுக்குக் கொடுத்துவந்தது அத்தாதான். இரண்டு நாளாக அவர் பள்ளிவாசலை விட்டு வரவில்லை. "அப்ப எம் மகனை எத நம்பித்தான் கட்டிக்கிறே?" என்று அம்மா கேட்க, "ஒரு தடவைகூட மாறலையே மாமி. அவுக ஆகாதுன்னா எனக்கு ஆகுது. இப்புடித் தப்பாம இருக்குற ஆளு லேசுல கெடைப்பாகளா?" என்றாளாம். அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், முத்துக் களிம்பு மூன்று டஜனும் கந்தகச் சோப்பு ஒரு பெட்டியும் உடனே அனுப்பவும். கல்யாணத்துக்கு நெய்ச்சோறா பிரியாணியா என்று அம்மா இன்று காலையில் என்னைக் கேட்டது. பிரியாணி என்றேன். "சரி, அப்ப நெய்ச்சோறு" என்று உள்ளே போய்விட்டது. எனக்குப் பிடித்தது நெய்ச்சோறுதான். பழகிக்கொண்டேன் மாமு.