தீர்ப்பு அண்ணாச்சியும் எலுமிச்சை ஜாடியும்

“சாரல் பிடித்துவிட்டது. தீர்ப்பு அண்ணாச்சி இன்று ஒரு பலாப்பழத்தைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்.”

1957-ஆம் வருடத்து நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். தேதி இருந்த மூலையில் மழைநீர் பட்டு மை கலைந்துவிட்டது. ஆனி மாதம் என்பது மட்டும் தெரிகிறது.

அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில், தான் விற்ற சரக்கில் குறை என்பதே கிடையாது என்று அவரைப் போலச் சாதித்த வியாபாரி வேறு யாரும் இருந்திருக்க முடியாது. விற்றது சின்னக் கத்திகள். காய் நறுக்க, பழம் சீவ, பாக்குச் சீவ என்று விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. சீசன் வந்தால் கடையைப் பூட்டிவிட்டுக் குற்றாலத்தில், அருவிக்குப் போகும் வழியில், பழக்கடைகளுக்கு நடுவே சாக்கை விரித்துவிடுவார். சொந்தப் பெயர் என்னவென்று விசாரித்திருக்கிறேன். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள்.

தீர்ப்பு என்ற பட்டம் வந்தது அவருடைய ஒரு சட்டத்தால். கத்தி சரியில்லை என்று யாராவது வந்தால் அந்தக் கத்தியை அவர் ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

“கத்தி என்ன பேசவா போவுது? வெட்டினதைக் கொண்டாரும்வே, பாக்கேன்.”

அதனால் அவர் கடைக்கு வெண்டைக்காய், வாழைக்காய், பாதி சீவிய மாங்காய் எல்லாம் வரும். வெட்டுப்பட்ட இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், முகர்வார், சில சமயம் தின்றும் விடுவார். பிறகு தீர்ப்பு. காய் முற்றல், பலகை கோணல், வெட்டியவருக்குக் கோபம் என்று எது வேண்டுமானாலும் குற்றவாளி ஆகலாம். கத்தி மட்டும் விடுதலை.

அந்தப் பலாப்பழ வழக்கைக் கொண்டுவந்தவர் மெட்ராஸ்காரர். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு வந்து நின்று, கத்தி கையில் நிற்காமல் வழுக்குகிறது என்று சத்தம் போட்டார்.

“உடம்பு பூரா எண்ணெயை அப்பிட்டு வந்து வழுக்குதுன்னு சொல்லுதீரே, பாறையும்தான் வழுக்குது. அருவி மேல கேஸ் போடுவீரா?” என்றார் அண்ணாச்சி. “பழத்துலயும் பால் வடியுது. பழத்து மேலதான் தப்பு.”

அச்சன்புதூர் விவசாயி ஒருவர் சேனைக்கிழங்கோடு வந்தார். கிழங்கு முற்றிவிட்டது என்று தீர்ப்பு.

“முத்தின கிழங்கை வெட்டாதுன்னா பெறவு கத்தி எதுக்குவே? முதுகு சொறியவா?”

“சொறிஞ்சு பாரும். அதுக்கும் நல்லாத்தான் இருக்கும்.”

இது வெறும் வீம்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் கொல்லரிடமிருந்து சரக்கு வந்ததும் ஒவ்வொரு கத்தியையும் தன் இடது கையில் முடி மழித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அந்தக் கை வருஷம் முழுவதும் வழவழவென்று பச்சைக் குழந்தையின் கைபோல இருக்கும். “ஒரு கத்தி கோளாறுன்னு என் வாயால சொன்னேன்னு வைங்க, பெட்டியில கெடக்குத அத்தனையும் சந்தேகத்துல நிக்கும்” என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். மற்றவர்கள் சொத்தைப் பூட்டி வைப்பதுபோல, அவர் அந்த ஒரு வார்த்தையைப் பூட்டி வைத்திருந்தார்.

அந்த எலுமிச்சை ஜாடி கடைக்கு வந்தது 1961 அல்லது 1962-இல். குற்றாலத்தில் சீசன் முடிந்து அவர் தென்காசிக் கடைக்குத் திரும்பியிருந்ததால், புரட்டாசியாக இருக்கலாம். புளியங்குடி பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி நேரே கடைக்கு வந்தார். ஒரு கையில் ஊறுகாய் ஜாடி, மறு கையில் கத்தி. பின்னால் துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு சின்னப் பெண். அவருடைய புது மருமகள். நான் கடை வாசலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன்.

அவர்கள் வீட்டில் எலுமிச்சை கமிஷன் வியாபாரம். அந்த வீட்டுக்கு வாழவருகிற பெண் முதன்முதலாக ஊறுகாய் போட வேண்டும். அது கெடாமல் நின்றால் அவளுக்குக் கைராசி என்பது வழக்கம். இந்தப் பெண் போட்டது கறுத்து, மேலே பூசணம் படர்ந்துவிட்டது. நறுக்கிய கத்தி, பெண்வீட்டார் அண்ணாச்சி கடையில் வாங்கிச் சீரில் வைத்தது.

“வெட்டினதைக் கொண்டான்னு சொல்லுவீராமே? இந்தா, ஜாடியோட கொண்டாந்திருக்கேன்” என்றார் மாமியார். “கோளாறு உம்ம கத்தியிலயா, இவ கையிலயா? ஒண்ணைச் சொல்லும். கையிலதான்னா, அந்தா செங்கோட்டை பஸ் நிக்குது. இவ அப்பன் வீட்டுக்கே ஏத்தி விட்டுட்டுப் போயிருதேன். ஏட்டி, அங்கன என்ன பார்வை? முன்னால வா.”

பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். தலை நிமிரவில்லை.

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அண்ணாச்சி என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். “பஸ்ஸைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கலே, ஒரு ஆள் ஏறும்” என்று ஒருவன் சிரித்தான்.

அண்ணாச்சி ஜாடியைத் திறந்தார். முகர்ந்தார். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். பையின் காதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

பிறகு, நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை வாங்கமாட்டார்கள். வாங்கினால் இருவருக்கும் பகை வரும் என்று நம்பிக்கை. ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். அண்ணாச்சி எட்டி, மாமியார் கையிலிருந்தே கத்தியைப் பிடுங்கினார்.

“கத்திதான் ஆச்சி.”

“என்னது?”

“கத்திதான் கோளாறு. இரும்பு சரியாத் தோயல. எலுமிச்சம்பழம் பட்டதும் துருவைக் கக்கிட்டு. இவ அப்பன் இருக்கதுலயே நல்லதாக் குடும்னுதான் கேட்டாரு. நான்தான் பாக்காமத் தூக்கிக் குடுத்துட்டேன். ஏசணும்னா என்னைய ஏசுங்க. இங்கனயே நிக்கேன்.”

அந்த அம்மாள் ஏசினார். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. செங்கோட்டை பஸ் அதற்குள் போய்விட்டது. வேறு கத்தி ஒன்றை அண்ணாச்சி பலகைமேல் வைக்க, மாமியார் கண்ணைக் காட்ட, அந்தப் பெண்தான் எடுத்துக்கொண்டாள். புளியங்குடி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள்.

மறுநாளே அந்தச் சேனைக்கிழங்குக்காரர் வந்துவிட்டார். “ஊறுகாய்க்கு ஒத்துக்கிட்டீருல்லா? இதுக்கும் ஒத்துக்கிடும்.” பஸ் ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு. பாதிப் பேர் பழைய கத்திகளைத் தேடியெடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தீபாவளி வரை அவருக்கு வியாபாரமே இல்லை.

“நெசமாவே கத்திதான் கோளாறா, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஊறுகாய் பூசணம் புடிக்க நூறு காரணம் இருக்கும்வே” என்றார். “சவம், நான் நாளைக்கும் இங்கனதான் இருப்பேன். அந்தப் பிள்ளை பஸ் ஏறிட்டுன்னா?”

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. திரும்ப வாங்கிய அந்தக் கத்தி, துருவும் பிடிக்காமல் முனையும் மழுங்காமல், கடைசிவரை அவர் வீட்டு அடுப்படியில் புழங்கியது என்றும், எலுமிச்சம்பழம் நறுக்கியதுகூட அதில்தான் என்றும் டீக்கடைக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது உறுதி செய்யப்படாத தகவல். அண்ணாச்சியின் வீட்டில் கேட்டால் தெரிந்துவிடும். வீடும் எனக்குத் தெரியும். எத்தனையோ முறை அந்தத் தெரு வழியாகப் போயும், கேட்காமலே வந்திருக்கிறேன்.