காகிதம் பறக்காமல் காத்த எறும்புத்தின்னி

ஒரு காட்டில், வாடகை வளை ஒன்றில், அழகேசன் என்றொரு எறும்புத்தின்னி குடியிருந்தான். வனக் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவன். எறும்புத்தின்னிக்குச் சொந்தமாக வளை தோண்டத் தெரியாதா என்று கேட்காதீர்கள். அது அவனுக்கு நான்காம் பருவப் பாடம். செய்முறைத் தேர்வன்று மழை பெய்ததால் தேர்வை ரத்து செய்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள்.

வளையின் சொந்தக்காரி பெருச்சாளி சௌந்தரவல்லி. திங்கட்கிழமை காலை வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, என் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. வெள்ளிக்கிழமை காலி பண்ணிக் கொடுத்துடு.”

“திடீர்னு சொன்னா எங்கம்மா போவேன்? ஒரு மூலையில இருந்துக்கறேனே.”

“அவ ஒரு தடவைக்குப் பதினொண்ணு பெறுவா. மூலை ஏது? பக்கத்து வளை சும்மாதான் கிடக்கு. ஆனா அது வேலைக்குப் போறவங்களுக்கு மட்டும்தான்.”

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் வேலை. இல்லாவிட்டால் நடுக்காடு. அழகேசன் அங்கேயே சுருண்டுகொண்டான். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது அவர்கள் குல வழக்கம். சுருண்டவன் மத்தியானம்தான் பிரிந்தான்.

செவ்வாய்க்கிழமை, கரையான் ஒழிப்பு நிலையத்துக்குப் போனான். முதலாளி கரடி அவனை மேலும் கீழும் பார்த்தது.

“கரையான் தின்ன அனுபவம் உண்டா?”

“சின்ன வயசிலேர்ந்து வீட்டுல தின்னிருக்கேங்க.”

“வீட்டுல தின்னதெல்லாம் கணக்குல வராது. ஏதாவது கம்பெனியில தின்னிருக்கணும்.”

புதன்கிழமை நான்கு இடம் ஏறி இறங்கினான். நான்கு இடத்திலும் இதே பாட்டுத்தான்.

வியாழக்கிழமை, வனத் துறையின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விடிந்ததும் வரிசையில் நின்றான். அங்கே அதிகாரி, காட்டெருமை அரங்கநாதன். கெட்டவர் இல்லை. ஒவ்வொரு மனுவையும் படித்து மனம் வருந்திப் பெருமூச்சு விடுவார். எருமை மூச்சு இல்லையா, மேசையிலிருந்த மனுக்களெல்லாம் பறந்துவிடும். அவற்றைப் பொறுக்கி அடுக்குவதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிடும். காகிதத்தின் மேல் வைக்க முன்பு ஒரு கல் இருந்தது. ஆயுத பூஜையன்று தேங்காய் உடைக்க யாரோ எடுத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. புதுக் கல் கேட்டு எழுதிய மனு அந்த அடுக்கிலேயே எங்கோ கிடந்தது.

“முன் அனுபவம்னு கேட்ட இடத்துல இல்லைன்னு எழுதியிருக்கியேப்பா,” என்று அரங்கநாதன் மூச்சை இழுத்தார்.

அழகேசன் மேசைமேல் ஏறி ஏதோ கெஞ்சப் பார்த்தான். பயத்தில் சுருண்டு, உருண்டு, மனுக்களின் மேல் போய் நின்றான். அதே நேரம் பெருமூச்சு வந்தது. ஒரு தாள்கூடப் பறக்கவில்லை.

அரங்கநாதன் இன்னொரு முறை ஊதிப் பார்த்தார். அசையவில்லை.

“இப்படியே எவ்வளவு நேரம் இருப்பே?”

“பயம் போற வரைக்கும்,” என்றது பந்து.

“எப்பப் போகும்?”

“வேலை கிடைச்சாப் போயிடும் சார்.”

அரங்கநாதன் யோசித்தார். “அப்போ தற்காலிகப் பணின்னு போட்டுடறேன். எப்ப வேணும்னாலும் தூக்கிடுவோம். பயப்பட வசதியா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை, சௌந்தரவல்லி பக்கத்து வளையை நன்றாகப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். “வாங்க சார்,” என்றாள்.

பத்து நாள் கழித்து, அவனோடு படித்த சருகுமான் பொன்னரசி அலுவலகத்துக்கு வந்தாள். பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம் தன் நோட்டைக் கொடுத்து அவனைக் கரையேற்றியவள் அவள்தான்.

“அழகேசா, திங்கக்கிழமைக்குள்ள ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. என் மனு உனக்கு அடியில இருக்கு. ஒரே ஒரு நிமிஷம் நகரேன்.”

அவள் மனு எங்கிருக்கிறது என்று அழகேசனுக்குத் தெரியும். அதற்கு நேர் மேலே எது இருக்கிறது என்றும் தெரியும். புதுக் கல் கேட்ட மனு. தான் நகர்ந்தால் முதலில் வெளியே வருவது அதுதான். கல் வந்தால் வேலை போகும், வேலை போனால் வளை போகும்.

அவன் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுருண்டுகொண்டான்.

“முன் அனுபவம் இருக்கா?” என்று உள்ளிருந்து கேட்டான்.

பொன்னரசி வரிசையின் கடைசிக்குப் போனாள். அரங்கநாதன் மனம் வருந்திப் பெருமூச்சு விட்டார். எதுவும் பறக்கவில்லை.

நீதி: அனுபவம் இல்லையே என்று மனம் தளராதீர்கள். அனுபவம் இல்லாத மற்றவர்களின் மனு மேல் உட்கார எந்த அனுபவமும் தேவையில்லை.