வில்லன் அண்ணையும் நிற்காத அம்பும்

ஆஸ்திரேலியக் கண்டத்திலேயே காட்டுப்பன்றி வேட்டைக்கான அம்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பன்றியைப் பற்றி ஒரு விநாடிகூட யோசிக்காமல், விட்ட அம்பை எப்படி நிறுத்துவது என்று மட்டுமே மண்டையை உடைத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் வில்லன் அண்ணைதான். இன்னொருவர் இருந்திருந்தால் அவரையும் அண்ணை தேடிப் பிடித்து வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்திருப்பார்.

எழுபதுகளின் சிட்னி அது. ஹரிஸ் பார்க்கில் இன்று தெருவுக்குத் தெரு ஜிலேபி பிழிகிறார்கள். அன்று ஒரு பச்சை மிளகாய் வாங்க ரயிலேறிப் போகவேண்டும். அங்கே மிஸஸ் கார்மென் என்ற மால்ட்டா தேசத்து விதவையின் வீட்டில் நானும் அண்ணையும் ஆளுக்கொரு அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் திருச்சிக்காரன், ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அண்ணை யாழ்ப்பாணம், பாலங்களுக்குக் கணக்குப் போடும் கம்பெனியில் எஞ்சினியர். ஒல்லி உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, நெற்றியில் திருநீறு, முட்டைகூடத் தொடாத சைவம். வில் வைத்திருப்பவர் வில்லன்தானே என்று யாரோ ஒரு பொங்கல் விருந்தில் சொல்லப்போக, அதுவே அவர் பெயராகிவிட்டது.

அவர் கைக்கு வில் வந்ததே ஓர் அகராதிக் குழப்பத்தால்தான். கம்பெனியில் கெவின் என்று ஒரு சக எஞ்சினியர். வார இறுதியில் வில்லோடு மேற்கே போய்க் காட்டுப்பன்றி வேட்டையாடுகிற ஆள். ஒருநாள் கேன்டீனில் அண்ணையிடம் வந்து, "நீ இண்டியன்தானே? உங்க ஆட்கள் வில்லில் பெரிய ஆட்கள் ஆச்சே, எங்களோட வர்றியா?" என்று கேட்டிருக்கிறான். அவன் மனதில் இருந்தது குதிரைமேல் இறகு வைத்துக்கொண்டு வரும் அமெரிக்க இண்டியன். அண்ணையோ இந்தியாவே இல்லை, இலங்கை.

"பிறகு ஏன் அண்ணே ஆமாம்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தம்பி, இந்தக் கொம்பனியில நான் சேர்ந்ததுக்கு முதல் தரமா ஒருத்தன் என்ர மேசைக்கு வந்து 'எங்களோட வாறியோ' எண்டு கேட்டவன். இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை."

"ஈயை விரட்டினாக்கூட அதுக்கு வலிக்குமோன்னு பயப்படுறவர் நீங்க. பன்றியை என்ன பண்ணுவீங்க?"

"அது பேந்து பாப்பம். முதல்ல வில் பழகவேணும்."

வில்லும் வேட்டை அம்புகளும் வாங்கினார். வேட்டை அம்பின் முனை சாதாரண ஊசி முனை அல்ல. பிராட்ஹெட் என்று பெயர். சவர பிளேடு மாதிரி மூன்று அலகுகள் அகலமாக விரிந்திருக்கும். அது காற்றில் பறக்கும் விதமே வேறு. ஊசி முனையால் பழகிவிட்டு வேட்டைக்குப் போனால் அம்பு வேறெங்கோ போகும் என்று கெவின் எச்சரித்திருந்தான். சரி என்று பக்கத்து வில் கிளப்புக்குப் போனார். அவர்கள் முனையைப் பார்த்ததுமே வாசலை மறித்துக்கொண்டார்கள். "இதைக் கொண்டு எங்க வைக்கோல் பலகையில் அடிச்சா ஒரே நாள்ல கூளமாயிடும். வீட்டுல பழகிக்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணை பின்வளவு என்று சொல்லும் எங்கள் கொல்லைப்புறம் நீளமாகக் குறுகலாக, கோடியில் மர வேலியோடு இருக்கும். அதில் ஒரு சனிக்கிழமை காலை கைலி கட்டி, குளிருக்கு மேலே ஆபீஸ் கோட்டும் போட்டு, வில்லோடு நின்றார் அண்ணை. இலக்கு, கந்தல் துணி அடைத்த ஓர் அரிசிச் சாக்கு. அம்பு சரியாக நடுவில் பாய்ந்தது. பெருமையோடு போய் இழுத்தார். வரவில்லை. அலகுகள் துணியைக் கவ்விக்கொண்டன. நானும் சேர்ந்து இழுத்தேன். அம்போடு சேர்ந்து சாக்கின் குடலும் வெளியே வந்தது. அதில் ஒரு நீலக் கம்பளிக் கை தெரிந்தது.

"அண்ணே, இது என் ஸ்வெட்டர்!"

"உம்மடையோ? கொடியில கனநாளாத் தொங்கினது. கந்தல் எண்டு நினைச்சன்."

நேற்றுத்தான் துவைத்துப் போட்டிருந்தேன்.

அடுத்தது மணல் மூட்டை. அம்பு நின்றது, ஆனால் ஒரே அடியில் அலகுகள் மழுங்கி, வெண்ணெய் வெட்டக்கூட உதவாமல் போயின. பிறகு தன் மெத்தையையே தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். அம்பு மெத்தையைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. அன்றிலிருந்து அண்ணை தரையில் படுத்தார். முதுகுக்கு நல்லது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டார்.

பன்றி வேட்டை என்ற பேச்சே இந்தக் கட்டத்தில் அவர் வாயிலிருந்து மறைந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் பருப்பைப் பிசைந்தபடியே, "வேகமா வாற ஒரு சாமானை, அதுக்கும் நோகாமல், தாங்கிறதுக்கும் நோகாமல் நிப்பாட்டவேணும். பாலத்தில லொறி போறதும் இதே கணக்குத்தான்" என்பார். மிஸஸ் கார்மென் என்னைப் பார்ப்பார். நான் ரசத்தைப் பார்ப்பேன்.

பிறகு வந்தது வைக்கோல் கட்டு. குதிரை லாயத்திலிருந்து வாங்கி வந்து வேலிக்கு முன்னால் வைத்தார். முதல் சில நாள் நன்றாகத்தான் தாங்கியது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் அலகுகள் உள்ளே வைக்கோலை நறுக்கிக்கொண்டே இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை அம்பு கட்டுக்குள் நுழைந்தது, அந்தப் பக்கம் வெளியே வந்தது, வேலிப் பலகையின் இடுக்கில் புகுந்தது, பக்கத்து வளவின் கோடியில் இருந்த கக்கூஸ் கதவில் போய்க் குத்தி நின்றது.

உள்ளே பக்கத்து வீட்டுக் கிழவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

கதவின் உட்புறம், அவர் மூக்குக்கு நேராக, மூன்று அலகுகளும் எட்டிப் பார்த்தனவாம். அந்த மனிதர் கத்தவில்லை. கால்சட்டையைப் பிடித்தபடி வெளியே வந்து, கதவைப் பார்த்து, வேலியைப் பார்த்து, "இதெல்லாம் அமெரிக்கப் படங்கள்ல மட்டும்தான் நடக்கும்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு நேரே போய்ப் போலீசுக்குத் தொலைபேசினார்.

வந்த கான்ஸ்டபிள் நல்லவர். கிழவரும் அதற்குள் ஆறிப்போய், புதுக் கதவு போட்டுத் தந்தால் போதும் என்றார். ஆனால் மிஸஸ் கார்மென் ஆறவில்லை. தானே சிமென்ட் குழைத்துத் தானே படி கட்டுகிற பெண்மணி அவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஓர் அம்பு என் வளவைத் தாண்டினால் நீ வெளியே. பின்பக்க அறைகளும் உனக்கில்லை."

அந்த இடத்தில்தான் அண்ணையின் முகம் விழுந்தது. அவர் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். வந்ததும் தங்க அந்தப் பின்பக்க இரண்டு அறைகளைத் தருவதாக மிஸஸ் கார்மென் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் நிறத்துக்கு வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்பதை நாங்கள் இருவருமே பக்கத்துப் பரமட்டா வட்டாரம் முழுக்கக் கதவு தட்டித் தெரிந்துகொண்டவர்கள். தொலைபேசியில் 'காலியாக இருக்கிறது' என்பார்கள். நேரில் போனால் அப்போதுதான் யாரோ எடுத்திருப்பார்கள்.

"விட்டுடுங்க அண்ணே. வில்லை வித்துடுங்க" என்றேன்.

"வித்தா, பிழை என்னிலதான் எண்டு முடிஞ்சிடும். பிழை வைக்கோலில தம்பி."

மிஸஸ் கார்மெனிடம் போய் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டார். அவர் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். தன் கல்யாணத்துக்கு மால்ட்டாவில் பின்னிய வெள்ளை லேஸ் படுக்கை விரிப்பை இலக்கின் பின்னால் தொங்கவிடுவார். அதில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்தாலும் அண்ணை பெட்டியைக் கட்டவேண்டும். விழாவிட்டால் வில்லும் இருக்கலாம், அறைகளும் உண்டு. அண்ணை உடனே கை கொடுத்துவிட்டார்.

அடுத்த முயற்சி பழைய டெலிபோன் டைரக்டரிகள். தெரு முழுக்கச் சேகரித்துக் கயிற்றால் கட்டினார். முன்னட்டையைப் பார்த்து அம்பு விட்டார். நின்றது! ஆனால் நின்றது நின்றதுதான். நான் புத்தகத்தின்மேல் ஏறி நிற்க, அவர் இழுக்க, தண்டு மட்டும் கையோடு வந்தது. முனை உள்ளேயே தங்கிவிட்டது. இன்னோர் அம்பின் முனையும் அப்படியே உள்ளே போயிருந்தது. இடுக்கை அடைக்க, தாள்களின் விளிம்பு முன்னால் தெரியும்படி செருகியிருந்த ஒரு புத்தகத்தில் அது பாய்ந்திருந்தது.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது கேட்டார். "தம்பி, உம்மட மிசினில இதை ஒருக்காப் படம் எடுக்கேலுமோ? உள்ளுக்கு என்ன நடந்ததெண்டு தெரியவேணும்."

"ஆஸ்பத்திரி அண்ணே அது. வேலை போயிடும்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மதியம் எங்கள் வரவேற்பு மேசையில் ஒரே அமளி. கோட்டு, டை, திருநீறோடு ஒருவர் வந்து, "உள்ளே அம்பு ஏறியிருக்கிறது, எக்ஸ்ரே வேண்டும்" என்றிருக்கிறார். நர்ஸ் பதறிப்போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "எங்கே? எங்கே ஏறியிருக்கிறது?" அண்ணை டைரக்டரிக் கட்டைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். "இதில்."

நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். எங்கள் பெரிய டாக்டர் சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். வந்தார். கட்டைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். "நோயாளியின் வயசு?" என்றார்.

"போன வருசத்துப் பதிப்பு" என்றார் அண்ணை.

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படம் என் கையாலேயே எடுக்கப்பட்டது. ஒளிப்பலகையில் மாட்டினோம். அட்டை வழியாகப் போன முனை ஒவ்வொரு தாளாக வெட்டி வெட்டி, அலகு முறுக்கி, சிக்கிக் கிடந்தது. விளிம்பு வழியாகப் போனதோ இரண்டு தாள்களுக்கு நடுவே, பாயில் படுத்த பிள்ளை மாதிரி, நேராகக் கிடந்தது.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "பாரும் தம்பி! முகத்தில அடிச்சா வெட்டுது. விளிம்பில அடிச்சா விலத்தி இடம் குடுத்துப்போட்டு, ரெண்டு பக்கத்தாலயும் பிடிக்குது. வெட்டு வாங்காட்டி கனகாலம் நிக்குமே!"

அடுத்த வாரம் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகளாகச் சேகரித்தார். அத்தனையையும் ஒரே அளவாக வெட்டி, ஆள் உயரத்துக்குப் பாதி அடுக்கி, மேலும் கீழும் தடித்த பலகை வைத்து, மரை போட்ட நீளக் கம்பிகளால் நெரித்து முறுக்கினார். அட்டைகளின் விளிம்புதான் முன்பக்கம். அடி வாங்கித் தளர்ந்தால் ஸ்பேனரால் இன்னும் இறுக்கலாம். நடுப்பகுதி நைந்தால் அந்த அட்டைகளை மட்டும் மாற்றலாம். ஒரு தனி மனிதனால் அதை அசைக்க முடியாது. கெவின் வந்து ஒரு பக்கம் பிடித்தான். காரியத்தைக் கேட்டவன், முடிவைப் பார்க்காமல் போவதில்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மிஸஸ் கார்மென் விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டார். கிழவர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். அண்ணை நாணை இழுத்தார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. தக்காளிச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

'தொப்'பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பினால், அம்பு பாதித் தண்டு வரை போய் நின்றிருந்தது. அண்ணை போய் இரண்டு விரலால் இழுத்தார், வந்தது. மறுபடி விட்டார். மறுபடி நின்றது. கையில் இருந்த அம்புகள் தீரும்வரை விட்டார். மிஸஸ் கார்மென் கண்ணாடி மாட்டிக்கொண்டு விரிப்பை அங்குலம் அங்குலமாகத் தடவினார். ஓர் இழைகூடப் பிரியவில்லை.

"சரி, கொடு. அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பார்க்கிறேன்" என்று அவர் வில்லைப் பிடுங்கினார். அண்ணை தடுக்கப் பார்த்தார். சிமென்ட் குழைத்த கை அது. நாண் சுலபமாக வந்தது. அம்பு இலக்குக்கு ஒரு முழம் மேலே பறந்து, மால்ட்டாவின் லேஸ் பூவொன்றின் நட்டநடுவில் புகுந்து, பின்னால் வேலிக்கால் மரத்தில் தைத்து நின்றது.

வேலிக்கு மேலிருந்த தலை கீழே போய்விட்டது.

அண்ணை மிகுந்த மரியாதையோடு, "மிஸஸ் கார்மென், இந்த ஓட்டை என் கணக்கில் சேராது" என்றார்.

முதலில் மிஸஸ் கார்மெனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். கடைசியில் படியில் உட்கார்ந்து, தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த விரிப்பை அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் போட்டார். ஓட்டையின்மேல் உப்புக் குப்பியை வைப்பார். வருகிறவர்களிடம் குப்பியைத் தூக்கிக் காட்டாமல் விடமாட்டார்.

வேட்டைக்கும் போனோம். இலக்கையும் கெவினின் வண்டியில் ஏற்றிக்கொண்டார் அண்ணை. போன இடத்தில் விடாத மழை. பன்றிகள் எங்கோ ஒதுங்கிவிட்டன. வேட்டைக்காரர்கள் எல்லாரும் தகரக் கொட்டகையில் அந்த அட்டை இலக்கைச் சுற்றிக்கொண்டு, போட்டி போட்டு அடித்து, பீர் குடித்து, திரும்பும்போது ஆளுக்கொன்று செய்து தரச்சொல்லி அண்ணையைப் பிடுங்கினார்கள். ரொட்டியும் தக்காளியும் தின்றுகொண்டிருந்த அவர், தான் சைவம் என்பதை அப்போதுதான் கெவினிடம் சொன்னார்.

"பிறகு எதுக்குடா வந்தே?"

"நீ கூப்பிட்டாய்" என்றார் அண்ணை.

கெவின் தன் தட்டிலிருந்த தக்காளியையும் எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

அந்தக் கோடையில் மனைவியும் மகளும் வந்தார்கள். நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் மனைவி பின்வளவைப் பார்த்தார், மெத்தையில்லாத கட்டிலைப் பார்த்தார். "நான் அங்க உங்களை நினைச்சு விரதமிருக்க, நீங்கள் இங்க அட்டைப்பெட்டிக்கு அம்பு விட்டனீங்களோ?" என்றார். மகளுக்கு மட்டும் அப்பா ஒரே நாளில் பெரிய வீரராகிவிட்டார். சில வருடம் அந்த அறைகளில் வாழ்ந்துவிட்டு, வேலை கிடைத்து மெல்பேர்ன் போனார்கள். அங்கே கிளென் வேவர்லியில் பெரிய பின்வளவோடு வீடு வாங்கியிருப்பதாகத் தொலைபேசியில் கத்திச் சொன்னார் அண்ணை.

அண்ணை குடும்பத்தோடு கிளம்பிப் போன அந்த வாரம் நானும் மிஸஸ் கார்மெனும் எதிரெதிரே உட்கார்ந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இந்த வீடு இப்போது ரொம்பவும் பத்திரமாக இருக்கிறது" என்றார். அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.